பாவாத மலை வழியில் தங்கிடங்கள்

மலையகத்துத் தங்குமிடங்களைப் பற்றிய எழுத்துக்களில் துரைமாரின் பங்களாக்களும் அரசாங்க வாடிவீடுகளுமே நிறைந்திருக்கின்றன. கீழே கடையும் மேலே நாலைந்து பாய்களுமாகச் சாதாரணக் குடும்பங்கள் நடத்திய தங்கிடங்களை எழுதியோர் மிகச் சிலரே.

பாவாத மலை யாத்திரை பழையது. 1344இல் ஏறிய இப்னு பதூதா, ஹிழ்ர் (அலை) பெயரால் வழங்கிய குகையில் யாத்திரிகர் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பதே வழக்கம் என்கிறார். தாமும் அப்படியே செய்தாராம். அன்று குகைதான் விடுதி.

1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. அங்கிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். இருபுறமும் தோட்டக் காணி. அந்நியர் தங்க இடமில்லை. எஞ்சியது கடைத்தெரு மட்டுமே. பழைய மஸ்கெலியாவில் எங்கள் மூத்தாப்பாவின் கடையும் அப்படியானதுதான். மார்கழி முதல் வெசாக் வரை யாத்திரிகர். மற்ற மாதங்களில் புடவை வியாபாரிகள், தோட்டத்து உறவினரைத் தேடி வந்தோர். இன்ன சமயத்தார் என்று கேட்பதில்லை. சோற்றுக்குத்தான் காசு, பாய்க்கு இல்லை என்று வாப்பா சொல்வார். (லாபக் கணக்குப் பார்த்தால் இது நல்ல வியாபாரமல்ல.)

உல்லாச ஹோட்டல்கள் வந்துதான் இவை அழிந்தன என்பதை நான் ஏற்பதற்கில்லை. அவற்றுக்கு முன்பே சட்டம் வந்தது. 1948க்குப் பின் காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வந்து கடை வைத்திருந்தோர் இந்நாட்டில் அந்நியராயினர். தற்காலிக வதிவிட அனுமதி முடிந்ததும் பலர் கடையை விற்றுவிட்டுக் கப்பலேறினர். அடுத்து நீர் வந்தது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய நகரம் முழுவதும் மூழ்கியது. மேட்டில் அமைந்த புதிய நகரில் எங்களுக்குக் கிடைத்த கடையறையில் பாய் விரிக்க இடமிருக்கவில்லை. பஸ் நல்லதண்ணி வரை ஓடத் தொடங்கிய பின், இரவில் ஏறிக் காலையில் இறங்குவோருக்கு இடைவழித் தூக்கமும் தேவைப்படவில்லை.

கோடையில் நீர் வற்றினால் பழைய பள்ளிவாசல், கோயில், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். அப்படியொரு வரட்சியில் வாப்பாவோடு போனேன். பள்ளிவாசலிலிருந்து அடியெண்ணி நடந்து பார்த்தார். கடை இருந்த இடம் பிடிபடவில்லை, வெடித்த சேறுதான்.

நல்லதண்ணியில் இன்று சிறு விடுதிகள் பல உண்டு. குடும்பங்களே நடத்துபவையும் உண்டு. ஆனால் அவை படுக்கைக்குக் காசு வாங்கும் விடுதிகள். கசல்ரீ நீர்த்தேக்கக் கரையின் துரை பங்களாக்களோ 2005இல் ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ என்ற சொகுசு விடுதியாக மாறி, வெள்ளைக்காரர் காலத்து உபசரணையை இன்றும் விற்கின்றன.