தாபரிப்பு: பிள்ளையின் பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?



போன தவணைப் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தாய் நின்று கேட்டார்: "சேர், மனுசன் பிள்ளையளுக்குக் காசு தாறதில்லை. நான் எந்தக் கோட்டுக்குப் போகவேணும்?"

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கேட்பவர் தமிழரா முஸ்லிமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஏன் அப்படி என்று விளங்க முந்நூறு வருடம் பின்னுக்குப் போகவேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் இங்கே திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையைத் தொகுத்துக் கொடுத்தார். 12 முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். அதில் அதிகம் பேசப்படுவது முதுசம், சீதனம், தேடியதேட்டம். ஆனால் பிள்ளைக்கென்றும் ஓர் ஏற்பாடு இருந்தது. தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்ய விரும்பினால், சிறுபிள்ளைகளை அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ எடுத்து வளர்ப்பது வழமை. அப்போது இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், அந்தக் கலியாணத்தில் தேடியதில் பாதியையும் தகப்பன் பிள்ளையோடு கொடுத்துவிட வேண்டும். பிள்ளை போகும் வீட்டுக்குச் சொத்தும் போகவேண்டும் என்பதுதான் கருத்து. நல்ல ஏற்பாடு. ஆனால் காணியும் நகையும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆங்கிலேயர் வந்து 1806இல் தேசவழமைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் கொழும்புப் பகுதி முஸ்லிம்களின் திருமண, வாரிசுரிமை வழக்கங்களும் ஒரு கோவையாக வந்தன. 1852இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. இப்படி ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டாருக்கு இரண்டு சட்டம் ஆனது.

சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருந்தாலே பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒரு பூட்டையும் போட்டது. கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் தன் காணியை விற்க முடியாது. அவன் விட்டுவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கவேண்டும். காணி அவளுடையது, ஆனால் பிள்ளையின் பசிக்கு உடனே உதவாது.

சொத்தைப் பாராமல் பிள்ளையின் மாதச் செலவைப் பார்த்த சட்டம் 1889இல்தான் வந்தது. 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் அது. வசதியிருந்தும் மனைவி பிள்ளைகளைக் கவனிக்காத ஆணை மாதாமாதம் பணம் கட்டும்படி நீதவான் கட்டளையிடலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அது பொருந்தியது. அதற்குப் பதிலாக 1999இல் வந்த 37ஆம் இலக்கச் சட்டம் தாய், தகப்பன் இருவருக்கும் கடமையை வைத்தது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளையும், வலுவிழந்த பிள்ளையும் கேட்கலாம். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மஹர், கைக்கூலி, இத்தாக் காலச் செலவு, பிரசவச் செலவு, பிள்ளையின் தாபரிப்பு எல்லாவற்றையும் காதியிடம் கொடுத்தது. பிள்ளைக்கான கோரிக்கை தாயின் கோரிக்கையில் இருந்து தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் சட்டம் இயற்றப்பட்டபோது காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம் என்றும், காதி முன் சட்டத்தரணி தோன்ற முடியாது என்றும் வைத்தார்கள். காதியின் கட்டளைக்குக் காசு கட்டாவிட்டால், அறவிட நீதவானிடம்தான் போகவேண்டும். தாய்க்கு இரண்டு படி, இரண்டு அலைச்சல். இந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018இல் வந்தது. 2009இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை அப்போது பத்தாம் தரம்.

மார்க்கம் இதில் தாமதிக்கவில்லை. அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பனின் பொறுப்பாக்குகிறது. அபூ சுஃப்யான் செலவுக்குப் போதுமானது தருவதில்லை என்று அவருடைய மனைவி ஹிந்த் முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைக்கும் நியாயமாகப் போதுமான அளவை எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இந்தியாவில் ஷா பானு வழக்குக்குப் பிறகு வந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, இரண்டு வயதுக்கு மேல் பிள்ளைக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு தகப்பன் வாதாடினார். 1997இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாயின் உரிமை வேறு, பிள்ளையின் உரிமை வேறு என்றது.

எங்கள் மண்ணுக்கு இது ஏன் முக்கியம்? 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் புலிகளின் உத்தரவில் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறினோம். மஹர் நகையும் வீட்டு உறுதியும் அன்று போயின. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்து மக்கள் மழையில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சீதன நகையும் வீட்டுச் சாமானும் எத்தனை பேருக்கு மிஞ்சியது என்று உங்களுக்கே தெரியும். சொத்து ஒரு நாளில் போய்விடும் என்பதை இரண்டு சமூகமும் ஒரே திகதியில் படித்தோம். பிள்ளைக்குத் தகப்பன் கொடுக்கவேண்டிய மாதக் கடன் மட்டும் எந்த இடம்பெயர்விலும் அழியாது.

அப்படியிருந்தும் எங்கள் பஞ்சாயத்துகளில் முதலில் நகைக் கணக்கு, பிறகு காணிக் கணக்கு, கடைசியில் "பிள்ளையைத் தாய் பார்ப்பா" என்று முடித்துவிடுகிறோம். "தலாக் தந்தால் போதும், காசு வேண்டாம்" என்று களைத்துப்போன தாய் சொன்னால், அதையும் எழுதி வாங்குகிறோம். தன் மஹரை அவர் விடலாம். பிள்ளையின் சோற்றை விட்டுக்கொடுக்க அவருக்கும் உரிமையில்லை, எங்களுக்கும் இல்லை.

அந்தத் தாய் தமிழ்ப் பெண். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னோம். முஸ்லிம் தாயாக இருந்தால் தன் பகுதிக்குரிய காதியிடம் பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லியிருப்போம். இரண்டு பேருக்கும் சொல்வது ஒன்றுதான்: தந்த காசுக்கும் தராத மாதத்துக்கும் கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

பள்ளிவாசலிலோ கோயில் வீதியிலோ அடுத்த பஞ்சாயத்துக்கு உட்காரும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியதாக இருக்கட்டும்.