முட்டை ஓட்டில் ஒரு சிங்கம்

பிரித்தானியாவில் இருப்பவர்கள் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதன் ஓட்டில் சிவப்பு மையில் ஒரு குட்டிச் சிங்கம் குத்தியிருக்கும். (நீங்கள் நினைக்கும் அந்தக் கொடிச் சிங்கம் அல்ல!) அந்த முத்திரை அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு நோயும், ஓர் அமைச்சர் இழந்த பதவியும், பத்து வருட இழுபறியும் இருக்கின்றன.

1980களில் பிரித்தானியாவில் சல்மொனெல்லா என்ற பாக்டீரியாவால் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தவர்களின் எண்ணிக்கை வேகமாக ஏறியது. விரிசல் இல்லாத, சுத்தமான முட்டையால் ஆபத்தில்லை என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் சல்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் சூலகத்துக்குள்ளேயே குடியேறக்கூடியது. ஓடு உருவாகும் முன்பே அது முட்டைக்குள் போய்விடும். கோழியைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

1988 ஆகஸ்ட்டில், பச்சை முட்டையைத் தவிர்க்கும்படி சுகாதாரத் துறை மக்களுக்கு அறிவுரை சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, சுகாதாரத் துறையின் இளநிலை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சல்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். மக்கள் காதில் அது 'பெரும்பாலான முட்டைகளில் கிருமி' என்று விழுந்தது. உண்மையில், நோய் புகுந்த பண்ணையில்கூட மிகச் சில முட்டைகளில்தான் கிருமி இருக்கும். முட்டை விற்பனை சரிந்தது. பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். டிசம்பர் 16ஆம் தேதி அவர் பதவி விலகினார்.

அவர் போய்விட்டார், கிருமி போகவில்லை. கிருமி கண்டுபிடிக்கப்பட்ட பண்ணைகளின் கோழிகளைக் கொல்ல 1989இல் அரசு உத்தரவிட்டது. 1993இல் அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்தே இருந்தது. மக்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: முட்டையை இறுக அவித்துச் சாப்பிடுங்கள்.

நல்ல அறிவுரைதான். ஆனால் அது பண்ணையில் தொடங்கிய பிரச்சினையைச் சமைப்பவரின் தலையில் வைத்துவிடுகிறது. யாராவது நோயில் விழுந்தால் முதலில் வரும் கேள்வி, "ஒழுங்காக அவித்தாயா?" என்பதுதான். என் வேலையிலும் இது நடக்கும். மென்பொருளில் ஒரு பிழை இருந்தால், "இந்த பட்டனை அழுத்தாதீர்கள்" என்று ஆயிரம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். இல்லையென்றால் பிழையைத் திருத்தலாம்.

1990களின் பிற்பகுதியில்தான் பிழை திருத்தப்பட்டது: முட்டையிடும் கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 1998இல் முட்டைத் தொழில்துறை சிங்க முத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டைகளுக்கு மட்டுமே அந்த முத்திரை. எந்தப் பண்ணை முட்டை என்றும் ஓட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதன் பின் முட்டையால் வரும் சல்மொனெல்லா நோய் வெகுவாகக் குறைந்தது. 2017 அக்டோபரில், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூடச் சிங்க முத்திரை முட்டையை அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று உணவுத் தர நிறுவனம் அறிவித்தது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2009இல் முட்டைப் பாதுகாப்பு விதிகளை எழுதியபோது, அங்கே தடுப்பூசியைக் கட்டாயமாக்கவில்லை. அந்த விதிகள் 2010 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தன. அதே கோடையில் ஐயோவா மாநிலப் பண்ணைகளின் முட்டைகளால் 1,900க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. 50 கோடிக்கும் அதிகமான முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன.

அதனால், உணவு நஞ்சானதாக அடுத்த முறை செய்தி வந்தால், சமைத்தவரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த உணவு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, அங்கே என்ன செய்யாமல் விட்டார்கள் என்றும் கேளுங்கள். அதுவரை, சிங்கமோ உங்கள் நாட்டில் அதற்கு ஈடான உறுதியோ இல்லாத முட்டை என்றால், மஞ்சள் கரு இறுகும்வரை அவியுங்கள்.