தோள்சீலையும் லேஸ் நூலும்

மலருக்கு நம்ம மாவட்டத்துப் பெண்களைப் பற்றி ஏதாவது எழுதுங்க என்று கேட்டபோது, தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "சாதிப் பேரெல்லாம் வருமே அக்கா, நம்ம கூட்டமைப்புல எல்லாரும் இருக்கோமே" என்று ஒரு உறுப்பினர் தயங்கினார். எல்லாரும் இருக்கிறதாலதான் எழுதணும்னு எனக்குத் தோன்றியது. ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புப் பணம் எண்ணுகிற நம்முடைய பாட்டிமார், அன்றைக்கு ஒரே சந்தையில் ஒரே மாதிரி உடுத்தி நிற்க முடியாது. அது எப்படி மாறியது என்று நம்ம பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நம்ம தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு இல்லை. அதற்கு முன்னால் இது தென் திருவிதாங்கூர். திருவனந்தபுரத்து ராஜா ஆட்சி. அந்த நாட்டில் யார் என்ன உடுத்தலாம், எந்த நகை போடலாம், வீட்டை எத்தனை மாடி கட்டலாம், குடை பிடிக்கலாமா, செருப்புப் போடலாமா என்பதெல்லாம் சாதியைப் பொறுத்தது. நாடார் பெண்கள் இடுப்புக்கு மேல் துணி போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எடுத்து வரவும் கூடாது. இந்தக் குடம் விஷயத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. குடத்தை எங்கே வைக்கிறாள் என்பதில்கூட ஒரு ராஜ்யத்துக்கு அக்கறை இருந்திருக்கிறது!

இது ஒரு ஏணி மாதிரி. நாடார் பெண் நாயருக்கு முன்னால் மூடக் கூடாது. நாயர் பெண் நம்பூதிரிக்கு முன்னால் மேல்துணியை எடுக்க வேண்டும். நாடாருக்கும் கீழே வைக்கப்பட்ட புலையர், பறையர் பெண்களுக்கோ இன்னும் கடுமை. அவர்களில் பலர் அடிமைகளாகவே வாங்கி விற்கப்பட்டார்கள். மேலே இருப்பவருக்கு முன்னால் மார்பைத் திறந்து நிற்பதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நாங்கேலி கதையை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது சேர்த்தலைப் பக்கத்தில் வாய்மொழியாக வந்த கதை. நான் சொல்ல வருவது நம்ம ஊர்ப்பக்கம் நடந்து எழுத்தில் பதிவானது.

1800-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷன்காரர்கள் இங்கே வந்தார்கள். நாடார்களில் பலர் கிறிஸ்தவர்களானார்கள். அந்தப் பெண்கள் மேல்துணி போட ஆரம்பித்தார்கள். 1814-ல் அரசு ஒரு உத்தரவு போட்டது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், தோள்சீலை மட்டும் போடக் கூடாது என்றது. குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் போட்ட தையல் சட்டை. தோள்சீலை என்பது நாயர் பெண்கள் தோளில் போட்டுக்கொண்ட மேல்துணி.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. உடம்பை மூடலாம், தடையில்லை. ஆனால் அவளைப் பார்த்த மாத்திரத்தில் 'இவள் இன்ன சாதி' என்று தெரிய வேண்டும். அவர்களுக்குப் பயம் அங்கேதான் இருந்தது. பெண்கள் குப்பாயத்தையும் போட்டார்கள், அதன் மேல் தோள்சீலையையும் போட்டார்கள். 1822-ல் கல்குளம் பக்கத்தில் அடிதடி தொடங்கியது. சந்தையிலும் வழியிலும் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. 1827-க்குப் பிறகு மறுபடியும் கலவரம் வந்தது. ஜெபக்கூடங்கள் எரிந்தன.

1829 பிப்ரவரி 3-ல் வந்த அரசாணை பெண்களுக்கு எதிராகவே அமைந்தது. தோள்சீலை கூடாது, ஊழியம் என்ற கூலியில்லா வேலையையும் செய்ய வேண்டும் என்றது. அந்த ஆணை ராணி கௌரி பார்வதி பாயி பெயரில் வந்தது. 1817-ல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்ததும் அதே ராணிதான். பெண் ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்கு இந்த ராணி ஞாபகத்துக்கு வருவார்.

இதே காலத்தில் நாகர்கோவிலில் வேறொன்று சத்தமில்லாமல் நடந்தது. மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி நடத்தினார். இன்றைய டதி பெண்கள் பள்ளியின் வேர் அதுதான். அங்கே அவர் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். சின்னத் தலையணை மேல் ஊசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுகிற வேலை. நெய்யூரிலும் பெண்களுக்குத் தையல் வேலை வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் விற்றுச் சேர்த்த காசைக் கொடுத்துச் சிலர் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலையானார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த ஆணை வந்ததே 1855-ல்தான். ஆணைக்கு முன்னால் நூல் ஓடிவிட்டது.

மிஷனரிகள் இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், மனு எழுதினார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் நாளைக்கும் அடி விழும் என்று தெரிந்தே அதே துணியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனது யார்? கிறிஸ்தவர் ஆகாத நாடார் பெண்களும் தோள்சீலை போட்டார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், குனிந்து நின்ற ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். ராஜா அவரைச் சிறையில் வைத்தார். இன்றைக்கும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள்.

1858 கடைசியில் கலவரம் மறுபடி வெடித்தது. 'பழைய வழக்கத்தை அரசு அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது' என்று திவான் மாதவராவ் அறிவித்தார். சென்னை கவர்னர் டிரெவெலியன் ராஜாவை நெருக்கினார். கடைசியில் 1859 ஜூலை 26-ல் உத்திராடம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மூடலாம், உயர்ந்த சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. முப்பத்தேழு வருஷம் அடிபட்ட பிறகும் அந்த 'மட்டும்' போகவில்லை. பெண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விருப்பப்படி உடுத்தினார்கள்.

ஜெயித்தவர்கள் தங்களுக்குக் கீழே நின்றவர்களைக் கையோடு தூக்கிவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. நமக்குப் பிடிக்காவிட்டாலும் இதையும் சொல்லித்தான் ஆகணும். 1915-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில், அய்யன்காளி தலைமையில், புலையர் பெண்கள் தங்கள் அடையாளமாகக் கழுத்தில் போட வைத்திருந்த கல்லுமாலையை அறுத்தெறிந்தார்கள். 1859-க்கும் அதற்கும் இடையில் ஐம்பத்தாறு வருஷம்.

இந்த வரலாறு ஒன்பதாம் வகுப்பு சிபிஎஸ்இ பாடத்தில் இருந்தது. 2016-ல் அதைத் தேர்விலிருந்து எடுத்தார்கள், பிறகு புத்தகத்திலிருந்தே போய்விட்டது. பாடம் போனால் நாம் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ராணி பெயர் தெரிகிறது, திவான் பெயர், கவர்னர் பெயர், மிஷனரி அம்மா பெயர் எல்லாம் தெரிகிறது. கல்குளம் பக்கத்தில் துணி கிழிபட்டு வீட்டுக்கு வந்து, மறுவாரம் திரும்பவும் கிளம்பிய பெண்ணின் பெயர் நான் வாசித்த எதிலும் இல்லை.

உங்க வீட்டில் பாட்டி, பூட்டி சொன்ன கதை ஏதாவது இருக்கலாம். பழைய குப்பாயம், லேஸ் தலையணை, மரக்குச்சி பரண்மேல் கிடக்கலாம். எந்தச் சாதி வீடாக இருந்தாலும் சரி. அடிபட்ட வீட்டுக் கதை மட்டுமில்லை, அடித்த வீட்டில் பெண்கள் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் உங்க சங்கக் கணக்கரிடம் சொல்லி, ஊர்ப்பெயரோடு ஒரு தாளில் எழுதி வாங்கி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.