பாதுகாப்பு ஆணை: மலேசியாவில் குற்றத்துக்கு ஆளான வெளிநாட்டவரின் தங்கும் உரிமை

மலேசியாவில் குற்றத்துக்கு ஆளான வெளிநாட்டவருக்கென்று தனி விசா கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது நீதிமன்றம் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணை. 2007இல் இயற்றப்பட்டு 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தின் (சட்டம் 670) கீழ் இது வழங்கப்படுகிறது. கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவரைக் குடிநுழைவுக் குற்றவாளியாக நடத்தாமல், குறிப்பிட்ட காலம் நாட்டிலேயே வைத்துக் காப்பது இதன் நோக்கம். சாதாரண அடிதடி, வழிப்பறி, குடும்ப வன்முறை ஆகியவற்றுக்கு ஆளானவர்கள் இந்த ஆணைக்குள் வருவதில்லை.

இந்த ஆணை தேவைப்படும் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஊர்களில் ஒன்று, பேராக் மாநிலத்தில் தைப்பிங்கை ஒட்டியுள்ள கமுந்திங். அந்தப் பெயரைக் கேட்டால் தமிழர்களுக்குச் சிறைதான் முதலில் நினைவுக்கு வரும். 2007 டிசம்பரில், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்ட தடுப்பு முகாம் இங்கேதான் இருந்தது. அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் இக்கட்டுரையின் பொருளுக்கு இவ்வூரோடு அதைவிடப் பழைய தொடர்பு உண்டு. ஈயச் சுரங்க ஊராக இருந்த காலத்தில் இதன் பெயர் கிளியான் பாரு. சீனர்களின் இரகசியச் சங்கங்களில் ஒன்றான கீ ஹின்னின் பிடியில் இருந்தது. பக்கத்துக் கிளியான் பாவ், அதாவது இன்றைய தைப்பிங், அதன் எதிரியான ஹாய் சான் சங்கத்தின் கையில். இரு தரப்பும் மோதிய லாருட் போர்களில், சீனாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்களும் பிள்ளைகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1874 ஜனவரியில், பேராக்கில் பிரிட்டிஷ் தலையீட்டுக்கு வழிவகுத்த பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் ஆங்கிலேய அதிகாரிகளான சுவெட்டன்ஹாம், பிக்கரிங், டன்லப் ஆகியோர் ஆணையர்களாக இங்கே வந்தார்கள். அரண்களை இடிப்பது, சுரங்கத் தகராறுகளைத் தீர்ப்பது ஆகியவற்றோடு, அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் தேடி மீட்பதும் அவர்களுடைய பொறுப்பாக இருந்தது.

தமிழர்கள் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டங்களுக்கு, வந்த கதை வேறு. ஒப்பந்தக் கூலி முறையில் தோட்டத்தை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றம். அடி தாங்காமல் ஓடினாலும், கூலி வராமல் ஓடினாலும் சட்டத்தின் முன் நின்றவர் ஓடியவர்தான். 1910இல் அந்த முறை நிறுத்தப்பட்டது. இன்று கமுந்திங் தொழிற்பேட்டைகளில் அதே ரப்பர் பாலிலிருந்து கையுறை செய்யும் ஆலைகள் இருக்கின்றன; இதுபோன்ற ஆலைகளில் நாடெங்கும் நேப்பாள, வங்காளதேச, மியன்மார் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். விடுதியை விட்டு வெளியேறிய தொழிலாளியை “ஓடிவிட்டான்” என்று முதலாளி புகார் செய்தால், அவருடைய வேலை அனுமதி ரத்தாகிவிடும். கமுந்திங் ராயா விரைவுப் பேருந்து நிலையத்தில் கோலாலம்பூருக்குச் சீட்டு வாங்கும் நேரத்தில் அவர் பெர்மிட் இல்லாதவராகியிருக்கலாம். அவரை ஓட வைத்தது எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. பல நேரங்களில் வருவதே இல்லை. இந்தப் பாதுகாப்பு முறையின் முதன்மையான குறை இதுவே.

அந்தக் கேள்வியைப் பொதுவெளியில் உரக்கக் கேட்டவர் ஐரீன் பெர்னாண்டஸ். தோட்டப்புறத்தில் வளர்ந்த அவர் 1991இல் பெண் தொழிலாளர்களுக்காகவும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவும் குரல் கொடுக்கும் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்தை 1995இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பியதாக மறு ஆண்டு அவர்மீதே வழக்குப் போடப்பட்டது. 2003இல் தண்டனை, 2008இல் விடுதலை. இடையில் 2005இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அவர் விடுதலையான அதே 2008இல் சட்டம் 670 நடைமுறைக்கு வந்தது. அவர் 2014இல் மறைந்தார்.

சட்டம் நடக்கும் விதம் இது. போலீஸ், குடிநுழைவுத் துறை, தொழிலாளர் துறை போன்றவற்றின் அமலாக்க அதிகாரி ஒருவர், எதிரில் இருப்பவர் கடத்தலுக்கு ஆளானவர் என்று நியாயமாகச் சந்தேகித்தால் அவரைத் தம் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். மாஜிஸ்திரேட் 21 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை தருவார். அந்த நாட்களில் விசாரணை நடக்கும். கடத்தப்பட்டவர்தான் என்று உறுதியானால் முழு ஆணை கிடைக்கும்: மலேசியக் குடிமகனுக்கு 2 ஆண்டு வரை, வெளிநாட்டவருக்கு 3 மாதம் வரை. உறுதியாகவில்லை என்றால் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைப்பார்கள். பேராக்கில் அதன் பொருள் பெரும்பாலும் லங்காப் அல்லது பீடோர் தடுப்பு முகாம். சட்டவிரோத நுழைவுக்காகவும் பொய்ப் பத்திரத்துக்காகவும் கடத்தப்பட்டவர்மீது வழக்குத் தொடர 25ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தாமே பணம் கொடுத்து எல்லை தாண்டி வந்தவருக்கு இந்தத் தடை உதவாது. வழியில் அவர் அடிமையாக்கப்பட்டிருந்தால் எந்த வகையில் சேர்ப்பது என்பது அதிகாரியின் கண்ணைப் பொறுத்தது.

அதிகாரி பார்க்க வேண்டியவை பெரிய மர்மங்கள் அல்ல. கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது? சம்பளம் கைக்கு வந்ததா, ஏஜெண்டின் கடனுக்குப் போனதா? விடுதிக் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்களா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் பல இந்தக் கேள்விகளிலேயே அடங்கிவிடும். தொழிலாளியின் கடப்பிதழைப் பிறர் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். “பத்திரமா வச்சிருக்கேன்” என்று முதலாளி சொல்வது அதற்குச் சமாதானம் ஆகாது. 2020 ஜூலையில், கட்டாய உழைப்பு இருப்பதாகச் சொல்லி, மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்திய பிறகுதான், வேலைக்கு வர ஏஜெண்டிடம் கட்டிய பணத்தைத் தொழிலாளிக்குத் திருப்பித் தருவது இங்கே பெரிய அளவில் பேச்சானது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி முதல் கட்டாய உழைப்பைத் தனிக் குற்றமாக்கி, 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கிறது.

மூன்று மாதம் எதற்குப் போதும்? வாக்குமூலம் வாங்கப் போதும். சாட்சியம் முடியாவிட்டால் ஆணையை நீட்டிக்கலாம். சாட்சியத்தை முன்கூட்டியே மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்துவிட்டு, வழக்கு நடக்கும்போது ஆள் தம் நாட்டில் இருக்கவும் சட்டம் வழி செய்கிறது. இதெல்லாம் வழக்குக்கு வசதி. கடன் வாங்கி வந்த மனிதருக்கோ வேலை வேண்டும், பிடித்து வைத்த சம்பளம் வேண்டும். தொடக்கத்தில், ஆணை பெற்றவர்களைத் தங்க வைக்கும் பாதுகாப்பு இல்லம் பூட்டிய வீடாகவே இருந்தது. 2015 திருத்தம், பாதுகாப்பு ஆணை பெற்றவர் வெளியே நடமாடவும் வேலை பார்க்கவும் அனுமதிக்கும் வாய்ப்பைத் திறந்தது. மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்பு மதிப்பீடும் அதற்கு நிபந்தனை. நடைமுறையில் அந்த அனுமதி சிலருக்கே கிடைத்திருக்கிறது. குற்றவாளி தண்டிக்கப்பட்டால் இழப்பீடும், தண்டனை கிடைக்காமல் போனாலும் சம்பள நிலுவையும் பெற அதே திருத்தம் இடம் தந்தது. சட்டம் 670இல் தொழிலாளிக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி இதுதான் என்று சொல்ல வேண்டும்.

கடத்தல் வகைக்குள் வராதவர்களுக்கு மிஞ்சுவது சிறப்பு அனுமதி. சம்பளத்துக்காகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர், விசாரணை முடியும்வரை நாட்டில் இருக்கக் குடிநுழைவுத் துறை மாதாமாதம் இதைத் தரலாம்; கட்டாயம் தர வேண்டும் என்பதில்லை. மாதத்துக்கு 100 ரிங்கிட் கட்டணம். வேலை பார்க்கக் கூடாது. வராத சம்பளத்தைக் கேட்க வந்தவர், சம்பளமே இல்லாத மாதத்துக்குப் பணம் கட்டி முத்திரை வாங்குகிறார். தேதி முடிவதற்குள் வழக்கு முடியாது. மறுபடி வரிசை, மறுபடி 100 ரிங்கிட். வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் தோற்பது சட்டத்திடம் அல்ல, இந்தக் கட்டணத்திடமும் வேலைத் தடையிடமும்தான்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திருமணமாகி வந்த பெண்களின் நிலை இன்னொரு வகை. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் குடியுரிமை பார்க்காமல் காக்கிறது. ஆனால் அவர்களுடைய நீண்டகாலச் சமூக வருகை அனுமதி கணவரின் கையெழுத்தைச் சார்ந்தது. அடித்தவர்மேல் புகார் கொடுத்த பெண், அனுமதியைப் புதுப்பிக்க அவரையே நாட வேண்டியிருக்கிறது. ஐநா அகதி அட்டை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கோ குடிநுழைவுச் சட்டத்தில் எந்தத் தகுதியும் கிடையாது. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. பொருள் திருடு போனால்கூட அவர்கள் போலீஸ் நிலையப் படி ஏறத் தயங்குகிறார்கள்.

குற்றத்துக்கு ஆளான வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி தரும் நாடுகளும் உண்டு. அமெரிக்கா 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு விசாக்களை உருவாக்கியது: கடத்தப்பட்டவருக்கு டி விசா, குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை முதலிய குற்றங்களுக்கு ஆளாகி விசாரணைக்கு உதவியவருக்கு யு விசா. யு விசா நான்கு ஆண்டு செல்லும், வேலை பார்க்கலாம், மூன்று ஆண்டுக்குப் பின் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 10,000 என்ற உச்சவரம்பால் காத்திருப்போர் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கனடா 2019 முதல், முதலாளியின் கொடுமைக்கு ஆளான தொழிலாளி வேறு யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கும் திறந்த அனுமதியைத் தருகிறது. கையுறை ஆலைத் தொழிலாளிக்கு மிகவும் பொருந்துவது இதுதான்.

மலேசியாவில் அப்படி ஒன்றைத் தொடங்கப் புதிய சட்டம்கூட வேண்டாம். குடிநுழைவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, எந்த ஆளுக்கும் எந்த வகுப்பினருக்கும் விலக்குத் தரும் அதிகாரத்தை அமைச்சரிடம் கொடுத்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் இந்தோனேசியாவின் அச்சே மக்களுக்கு அந்த வழியில்தான் ஐஎம்எம்13 என்னும் தற்காலிகத் தங்கும் அனுமதி கிடைத்தது. அவர்கள் அதை வைத்து இங்கே வேலை பார்த்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.