பாரம் தூக்கிய தண்ணீர்: பவர் பேக்குக்கு முந்தைய கதை

தொழிற்சாலைகளில் பாரம் தூக்கும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எண்ணெய், மேலே ஒரு மோட்டார், ஒரு பம்ப், சில வால்வுகள். ஹைட்ராலிக் பவர் பேக் என்பது இதுதான். வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை டன் தூக்கும்?" என்றுதான். ஆனால் இதன் வரலாற்றைப் படித்தால் இன்னொரு கேள்வியும் அதே அளவுக்கு முக்கியம் என்று தெரிகிறது: "எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தூக்க வேண்டும்?" 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் பெரும் பணம் புரண்டது.

அடிப்படை ரொம்ப எளிமை. மூடிய குழாயில் இருக்கும் தண்ணீரை ஒரு பக்கம் அழுத்தினால் எல்லாப் பக்கமும் அதே அழுத்தம் பரவும். சிறிய பிஸ்டனை அழுத்தி, அதைப்போல 100 மடங்கு பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளினால் 100 மடங்கு விசை கிடைக்கும். ஆனால் நகரும் தூரம் 100ல் ஒரு பங்காகிவிடும். ஜோசப் பிராமா 1795ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது இந்தத் தத்துவத்தை வைத்துத்தான். எதையாவது நசுக்க அது போதும். கப்பலில் இருந்து சரக்கை மளமளவென்று இறக்க அது போதாது.

இங்கேதான் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் வருகிறார். இவர் நியூகாசில் நகரத்து வக்கீல். 1835ல் மீன் பிடிக்கப் போன இடத்தில் ஒரு நீர்ச்சக்கரத்தைப் பார்க்கிறார். மலையிலிருந்து வரும் தண்ணீரின் சக்தியில் பெரும்பகுதி வீணாகிறதே என்ற எண்ணம் அவரை விடவில்லை. பிறகு நியூகாசிலுக்குக் குழாய் வழியே குடிநீர் வந்தபோது, அந்தக் குழாயின் அழுத்தத்தை வைத்தே 1846ல் துறைமுகத்தில் ஒரு கிரேனை ஓட்டிக் காட்டினார். சரக்கு வேகமாக இறங்கியது, செலவும் குறைந்தது. 1847ல் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு எல்ஸ்விக்கில் தொழிற்சாலையே தொடங்கிவிட்டார்.

எல்லா ஊரிலும் குழாயில் அவ்வளவு அழுத்தம் கிடைக்குமா? கிடைக்காத ஊரில் என்ன செய்வது? முதல் விடை, உயரமான கோபுரம். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852ல் கட்டி முடித்த கோபுரத்தின் உயரம் 94 மீட்டர். சுமார் 61 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. இவ்வளவு செலவு செய்தும் கிடைத்த அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 6 கிலோதான்.

ஹம்பர் ஆற்றங்கரையில் உள்ள நியூ ஹாலந்தில் அதுவும் முடியவில்லை. மணல் பாங்கான நிலம், கோபுரம் நிற்காது. அப்போது ஆர்ம்ஸ்ட்ராங் உயரத்துக்குப் பதிலாக எடையைப் பயன்படுத்தினார். நிமிர்ந்து நிற்கும் ஒரு சிலிண்டர், அதற்குள் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் மேல் பல டன் எடை. நீராவி பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளத் தள்ள எடை மேலே ஏறும். கிரேனுக்குத் தேவைப்படும்போது எடை இறங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். இதுதான் அக்குமுலேட்டர். சதுர செ.மீ.க்குச் சுமார் 42 கிலோ அழுத்தம் கிடைத்தது. கோபுரத்தில் இதே அழுத்தம் வேண்டுமானால் ஏறத்தாழ 420 மீட்டர் உயரம் தேவைப்படும்!

ஆனால் உண்மையான லாபம் அழுத்தத்தில் மட்டும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 5 டன் சரக்கை 6 மீட்டர் உயரத்துக்கு 30 விநாடியில் தூக்க, உராய்வு இழப்பை விட்டுவிட்டால், சுமார் 10 கிலோவாட் வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தூக்குகிறோம் என்றால் சராசரித் தேவை வெறும் 1 கிலோவாட்! அக்குமுலேட்டர் இருந்தால் சின்ன எஞ்சின் நிதானமாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். உண்டியல் மாதிரிதான். தினம் கொஞ்சம் போடுகிறோம், தேவைப்படும்போது மொத்தமாக எடுக்கிறோம். ஆனால் ஓயாமல் தூக்கிக்கொண்டே இருக்கும் வேலைக்கு உண்டியல் உதவாது. அங்கே முழுத் திறனுள்ள பம்ப்தான் வேண்டும்.

அடுத்த கட்டம் எங்கள் வணிகவியல் பாடத்துக்கே நெருக்கமானது. நாளைக்குப் பத்து முறை தூக்கும் சின்னக் கிடங்குக்காரர், அதற்காக ஒரு பாய்லரும் கரி அள்ளிப் போட ஒரு ஆளும் நாள் முழுக்க வைத்திருக்க முடியுமா? இதற்கு விடையாக லண்டனில் 1880களில் வந்ததுதான் லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி. தெருவுக்கு அடியில் குழாய் போட்டு, அழுத்தமேற்றிய தண்ணீரை மீட்டர் வைத்து விற்றது. கிடங்குகள், ஹோட்டல் லிஃப்டுகள், நாடக அரங்குகள் எல்லாம் வாடிக்கையாளர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்குவதில்லை என்பதால் பொது நிலையம் கட்டுப்படியானது. உச்சத்தில் குழாய்களின் நீளம் சுமார் 290 கிலோமீட்டர். 1977ல்தான் இந்தச் சேவை நின்றது.

ஏன் தோற்றது? சாதாரண ஹைட்ராலிக் கிரேனில், 5 டன் தூக்கினாலும் வெறும் கொக்கியைத் தூக்கினாலும் செலவாகும் தண்ணீர் ஒன்றுதான். சிலிண்டர் நிரம்பியாக வேண்டுமே! மின் மோட்டாரோ பாரத்துக்கு ஏற்ப மின்சாரம் எடுக்கும். பாதி பாரத்துக்கு முழுக் கட்டணம் கொடுக்க யார் விரும்புவார்கள்?

ஆனால் ஹைட்ராலிக் சாகவில்லை. தண்ணீர் போய் எண்ணெய் வந்தது, நீராவி போய் மின்சாரம் வந்தது. 1894ல் திறந்த லண்டன் டவர் பிரிட்ஜே 1970களில் இப்படி மாறியது. எடை வைத்த அக்குமுலேட்டரின் இடத்தில் நைட்ரஜன் அடைத்த உருளைகள் வந்தன. ஊருக்கே ஒரு நிலையம் என்பது போய், இயந்திரத்துக்கு ஒரு பவர் பேக் என்றானது.

ஆகவே இன்று பவர் பேக் தேர்வு செய்கிறவர் எத்தனை டன் என்பதோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரத்தில், மணிக்கு எத்தனை முறை, பாரம் இல்லாதபோது எவ்வளவு மின்சாரம் வீணாகும் என்றும் கேட்க வேண்டும். குழாய் வெடித்தால் பாரம் கீழே விழாமல் தடுக்க சிலிண்டரிலேயே வால்வு இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். முதல் கேள்விகளைத் தவறவிட்டால் போவது பணம். கடைசிக் கேள்வியைத் தவறவிட்டால் போவது கீழே நிற்பவரின் உயிர்.