வாத்தியார் வீட்டுத் திண்ணை: மன்றோ காலம் முதல் வாட்ஸ்அப் வரை

எங்கள் அண்ணனூர், ஆவடி பக்கம் ஆசிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பாடத்திட்டம், சம்பளம் இதையெல்லாம் தாண்டி ஒரு புலம்பல் கட்டாயம் வரும். "ராத்திரி பத்தரை மணிக்கு ஹோம்வொர்க் என்னன்னு மெசேஜ் வருது சார். பதில் போடலைன்னா, 'ஆன்லைன்லதானே இருக்கீங்க'ன்னு அடுத்த மெசேஜ்." சிலர் டிபி-யில் குடும்பப் படம் வைப்பதையே விட்டுவிட்டார்கள். சிலர் ஃபேஸ்புக் பக்கமே போவதில்லை. இழப்பு அவர்களுக்கு மட்டுமில்லை. நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் இணையத்தில் எழுதாமல் போனால் நமக்கும்தான் நஷ்டம்.

பார்த்தால் இது ஸ்மார்ட்போன் வந்த பிறகு முளைத்த பிரச்சினை மாதிரி தெரியும். கொஞ்சம் தோண்டினால், ஆசிரியரின் வேலை எங்கே முடிகிறது, அவருடைய சொந்த வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்கிற கேள்விக்கு நம்ம ஊரிலேயே 200 வருஷத்துக் கதை இருக்கிறது.

திண்ணை என்கிற ஏற்பாடு

1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் இருக்கும் எண்ணிக்கை 12,498. தமிழ்ப் பகுதிகளில் இருந்த இப்படிப்பட்ட பள்ளிகளைத்தான் பிற்பாடு திண்ணைப் பள்ளிக்கூடம் என்று சொல்கிறோம். தனிக் கட்டடம் என்று பெரும்பாலும் கிடையாது. வாத்தியார் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி, இப்படி எங்கே நிழல் இருந்ததோ அங்கே.

திண்ணை வீட்டோடு ஒட்டியது, ஆனால் வீட்டுக்கு வெளியே இருப்பது. தெருவில் போகிறவர் கேட்காமலே உட்காரலாம். நிலைப்படியைத் தாண்ட வேண்டுமென்றால் யாராவது கூப்பிட வேண்டும். வாத்தியாரின் வேலை ஊர் பார்க்க நடந்தது, அவர் வீடு கதவுக்குப் பின்னால் இருந்தது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற ஒரு எல்லை இருந்தது, அதுதான் விஷயம்.

புனைபெயர் என்கிற இரண்டாவது திண்ணை

அச்சு வந்த பிறகு ஆசிரியர்கள் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார்கள். இனி ஊர் மட்டுமில்லை, முகம் தெரியாதவர்களும் படிப்பார்கள். அப்போது உதவியது புனைபெயர்.

கனகசுப்புரத்தினம் 1909-இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரிப் பகுதியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946-இல் ஓய்வு பெற்றார். அந்த 37 வருஷத்துக்குள்தான் அவர் கிறுக்கன், கிண்டல்காரன் என்று பல பெயர்களில் எழுதி, கடைசியில் பாரதிதாசன் ஆனார். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், பத்திரிகையில் இன்னொரு பெயர். பாரதிதாசன் யார் என்று ஊருக்குத் தெரியாமல் இல்லை. புனைபெயர் முகமூடியாக வேலை செய்யவில்லை, திண்ணையாக வேலை செய்தது. 'இப்போது பேசுவது வகுப்பறை வாத்தியார் இல்லை' என்பதற்கான அடையாளம் அது.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் போகுமா? மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளைப் படித்துப் பாருங்கள். பத்திரிகைக்கு எழுதுவது பற்றிய இடத்தில், சொந்தப் பெயரில் எழுதினாலும், பெயரில்லாமலோ புனைபெயரிலோ எழுதினாலும், அடுத்தவர் பெயரில் எழுதினாலும் விதி பொருந்தும் என்று எல்லா ஓட்டையையும் அடைத்திருக்கிறார்கள். ஆவடியில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா ஆசிரியர்களுக்கும் இந்த விதிகள்தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-இல் தனி நடத்தை விதிகள் வந்தன. ஆக, புனைபெயர் என்றைக்கும் சட்டப் பாதுகாப்பாக இருந்ததில்லை. அது ஒரு சமூக மரியாதையாக மட்டுமே இருந்தது.

அந்த மரியாதையும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. ஆசிரியையாக இருந்த பாமா 1992-இல் 'கருக்கு' வெளியிட்டபோது அதுவும் புனைபெயரில்தான். சொந்த ஊரில் அது யார் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. சில மாதங்கள் அவர் ஊருக்குள் போக முடியாத நிலை வந்தது.

ஜனவரி 2015

இந்த வரலாற்றின் திருப்புமுனை எது என்று கேட்டால் நான் நாமக்கல்லைத்தான் சொல்வேன்.

பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். 'மாதொருபாகன்' 2010-லேயே வந்துவிட்டது. நாலு வருஷம் எதுவும் நடக்கவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்த பிறகு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் பரப்பினார்கள். புத்தகத்தை எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட நிர்வாகம் நடத்திய 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில் அவர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அவர் ஃபேஸ்புக்கில் போட்ட அறிவிப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்ற பகுதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டு விஷயம். ஒன்று, இனி பெ. முருகன் என்கிற ஆசிரியன் மட்டுமே இருப்பான், அவனை விட்டுவிடுங்கள் என்று கேட்டது. இரண்டு, அந்தப் பதிவு இரண்டு நாள் மட்டுமே இருக்கும், அதன் பின் சமூக வலைத்தளங்களிலிருந்தே விலகிவிடுவதாகச் சொன்னது. நூறு வருஷமாக ஆசிரியர்கள் நம்பிய ஏற்பாடு இனி செல்லாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் வேண்டாம். எழுத்தாளன் மேல் இருந்த கோபம் வாத்தியாரையும் விடவில்லை. நாமக்கல்லை விட்டுச் சென்னைக்குப் பணிமாறுதலில் வர வேண்டியிருந்தது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவர் திரும்ப எழுத வந்தார். ஆனால் ஒரு ஆசிரியர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் தன் இன்னொரு பெயரை மீட்க முடியும் என்றால், சாதாரண ஆசிரியர் என்ன செய்வார்? எழுதாமல் இருந்துவிடுவார்.

மூடிய அறையும் மூடிய அறை இல்லை

'நான் நாவலா எழுதப் போகிறேன், தெரிந்தவர்களுக்குத்தானே அனுப்புகிறேன்' என்று கேட்கலாம். 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ராவும் அப்படித்தான், மம்தா பானர்ஜி பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்தார். குடியிருப்போர் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து போனது அது. கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்த பிறகும் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2023 ஜனவரியில்தான் விடுபட்டார்.

கொல்கத்தாவிலேயே இன்னொன்று. 2021-இல் புனித சேவியர் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியை ஒருவருடைய இன்ஸ்டாகிராம் படங்களை மாணவர் ஒருவர் பார்த்ததாக, அவருடைய அப்பா புகார் கொடுத்தார். படங்கள் வேலையில் சேர்வதற்கு முன் போட்டவை, கணக்கும் தனிப்பட்டதாக வைக்கப்பட்டிருந்தது, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்பது ஆசிரியையின் தரப்பு. கட்டாயப்படுத்தவில்லை என்பது பல்கலைக்கழகத்தின் தரப்பு. எது எப்படியோ, போனது அவருடைய வேலை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்றே சொல்லியாயிற்று. இருந்தும் இதுதான் நிலைமை.

போன் நம்பர் என்கிற சாவி

இங்கே என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இரண்டு அட்டவணைகளை இணைக்க வேண்டுமென்றால் இரண்டிலும் பொதுவாக ஒரு சாவி இருக்க வேண்டும். கனகசுப்புரத்தினத்துக்கும் பாரதிதாசனுக்கும் நடுவே அப்படி ஒரு சாவி இல்லை, ஊர்ப்பேச்சுதான் இருந்தது. இன்றைக்கு அந்தச் சாவி நம் போன் நம்பர். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யுபிஐ, எல்லாம் ஒரே நம்பரில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வேறு வழியில்லாமல் ஆசிரியர்கள் தங்கள் சொந்த நம்பரைப் பெற்றோர் குழுக்களில் போட்டார்கள். கொரோனா போய்விட்டது, நம்பர் அங்கேயேதான் இருக்கிறது. பெற்றோர் ஒருவர் தன் போனில் அதைச் சேமித்து, இன்ஸ்டாகிராமுக்குத் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால், டீச்சருடைய சொந்தக் கணக்கை அந்த ஆப்பே பரிந்துரைக்க வாய்ப்பு இருக்கிறது. புனைபெயர் வைத்திருந்தாலும்தான்.

அப்படியானால் திண்ணையைத் திரும்பக் கட்ட முடியாதா? முடியும். பெரிய செலவும் இல்லை.

பள்ளி வேலைக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பிசினஸ் லேண்ட்லைன் நம்பரிலும் ஓடும், சரிபார்ப்பு எண்ணை அழைப்பில் சொல்வார்கள். ஆக, பள்ளி அலுவலக நம்பரையே பயன்படுத்தலாம். வேலை நேரத்துக்கு வெளியே தானியங்கிப் பதில் போகும்படியும் அதில் வைக்கலாம். அறிவிப்புக்கு மட்டும் என்றால் குழுவே தேவையில்லை, வாட்ஸ்அப் சேனல் போதும். பின்தொடர்பவர்களுக்கு நடத்துகிறவரின் நம்பர் தெரியாது. சொந்தக் கணக்குகளில் நம்பரை வைத்துத் தேடும் வசதியையும் தொடர்புப் பட்டியல் ஒத்திசைவையும் அணைத்துவிடலாம். பாடம் பற்றி எழுதத் தனிக் கணக்கு தொடங்கி, அதில் தைரியமாகச் சொந்தப் பெயரைப் போடலாம். மறைக்க வேண்டியது வீட்டை, வேலையை இல்லை.

இன்னொன்றும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருப்பது வாத்தியார் மட்டுமில்லை, பிள்ளைகளும்தான். வகுப்பறை ரீல்ஸில் வரும் குழந்தையின் முகத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் சொல்வதற்காக இல்லை, அந்தப் பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு வேலை, ஒரு வாழ்க்கை இருக்கும் என்பதற்காகவே யோசிக்க வேண்டியது.

பெற்றோரான நமக்கும் இதில் பங்கு உண்டு. டீச்சருடைய சொந்தக் கணக்கு தேடலில் கண்ணில் பட்டால், அது திறந்து கிடக்கிற வீட்டுக் கதவு மாதிரிதான். திறந்திருக்கிறது என்பதற்காக யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ராத்திரி பத்தரை மணி ஹோம்வொர்க் கேள்வி காலை வரைக்கும் காத்திருக்கட்டும்.