புல்வெளியிலிருந்து பூந்தமல்லிக்கு: ஒரு பட்டத்தின் பயணம்

பூந்தமல்லிக்குச் சாலை பிரியும் பரங்கிமலையில் 1759 பிப்ரவரி 9 அன்று கடும் சண்டை. ஜார்ஜ் கோட்டையை லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தது. வெளியே மலையடிவாரத்தில் முகாமிட்டிருந்த ஆங்கிலத் தளபதி கேலியோவைப் பிரெஞ்சுக்காரர்கள் தாக்கினார்கள். அவருக்குத் துணை நின்ற சிப்பாய்ப் படையின் தலைவர் யூசுப் கான். ராமநாதபுரச் சீமைப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர் என்பார்கள். அவர் பெயரில் ஒட்டியிருந்த ‘கான்’ வந்த தூரம்தான் பெரிது.

துருக்கியரும் மங்கோலியரும் குதிரையில் திரிந்த நடு ஆசியப் புல்வெளியில் கான் என்றால் அரசன். 1206-ல் தெமுஜின் செங்கிஸ் கான் ஆனது அப்படித்தான். ஒட்டோமான் சுல்தான்களின் அரச முத்திரையிலும் அந்தப் பட்டம் இருந்தது.

இந்தியாவில் அது படி இறங்கியது. மொகலாய மன்னர்கள் தங்களுக்குப் ‘பாதுஷா’வை வைத்துக்கொண்டு, ‘கான்’ பட்டத்தைப் பிரபுக்களுக்குக் கொடுத்தார்கள். கான்கள் பெருகிவிட்டதால் அவர்களுக்குள்ளும் ஒரு பெரியவர் தேவைப்பட்டார். அக்பரின் தளபதி அப்துல் ரஹீம் ‘கான்-இ-கானான்’, அதாவது கான்களுக்கெல்லாம் கான் ஆனார்.

ஆர்க்காட்டு நவாப் காலத்தில் சிப்பாய்த் தலைவர் வரைக்கும் அது வந்துவிட்டது. யூசுப் கானைத் தென்சீமை மக்கள் ‘கும்மந்தான் கான்சாகிபு’ என்றார்கள். ஐரோப்பியரின் கமாண்டன்ட் பதவி, துருக்கிப் பட்டம், அரபு மரியாதை மூன்றும் தமிழ் வாயில் ஒன்றாயின. பின்னர் மதுரையை ஆண்ட அவர், நவாபையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இன்னும் இருக்கிறது. அவர் போன ஐந்தாம் ஆண்டே இன்னொரு கான், ஹைதர் அலி, சென்னையின் வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இறங்க வைத்தார்.

ஆங்கிலேயர் ‘கான்’ பட்டத்தைப் பதக்கத்தோடு தரும் பரிசாக்கினார்கள். முஸ்லிம் பிரமுகர்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். இந்துக்களுக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர். துருக்கியே 1934-ல் பாஷா, பே, எஃபெண்டி பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்தது. இங்கே அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, படை, கல்வித் தகுதிகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்றது.

ஆனால் பெற்றவர்கள் பிள்ளைக்கு வைத்த பெயரில் அந்தச் சட்டம் கை வைக்கவில்லை. சலுகையெல்லாம் கழன்று வெறும் பெயரானதால்தான் ‘கான்’ பிழைத்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரேஷன் அட்டையில் அது இருக்கும். ஆனால் கடை வரிசையில் யாரையும் முன்னால் தள்ளாது. அட்டையில் கானாக இருப்பவரைத் தெருவில் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால், அதற்கு ‘பாய்’ இருக்கிறது.